கிட்டார் ஆம்ப் இரைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் வாசிக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகம்: "ஆம்ப்ல சத்தம் வருது, என்ன பண்றது?" ஆம்ப் என்பது எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபையர். கூடவே வாட்ஸ்அப்பில் பத்து விநாடி ஆடியோ ஒன்று வரும். அதில் ஆம்ப் சத்தத்தைவிட அவர்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம்தான் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. மெல்லிசைக் குழுவில் வாசித்து, சொந்த ஆம்பையும் நண்பர்கள் ஆம்பையும் நோண்டி, சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றதுதான் எல்லாம்.

1. அண்ணா, ஆம்ப் ஆன் பண்ணாலே இரையுது. ஆம்ப் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. என்னிடம் "ஆம்ப் போச்சு" என்று வந்தவற்றில் கேபிளும் பிளக் பாயிண்டும் செய்த குற்றமே அதிகம். பாவம், பழி ஆம்ப் மேல் விழுகிறது.

கொஞ்சம் சத்தம் எல்லா ஆம்பிலும் இருக்கும். கிட்டாரிலிருந்து வருகிற சிக்னல் மிகச் சிறியது, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அதை அறை அதிர்கிற அளவுக்குப் பெருக்கும்போது கூட ஒட்டிக்கொண்டு வந்ததும் பெருகத்தான் செய்யும். வாசிக்க ஆரம்பித்தால் மறைந்துவிடுகிற சத்தமென்றால் அதை விட்டுவிடுங்கள். வாசிப்பையும் மீறிக் கேட்டாலோ, நேற்று இல்லாதது இன்று புதிதாக வந்திருந்தாலோதான் தேட வேண்டும்.

2. "என்ன மாதிரி சத்தம்"னு கேக்குறீங்க. எனக்கு எல்லாமே கொர்ர்னுதான் கேக்குது. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

நான்கு வகை போதும். தாழ்ந்த குரலில் "உம்ம்ம்" என்பது ஒன்று. ஈ மொய்க்கிற மாதிரி, கொஞ்சம் கூர்மையாக "ஜ்ஜ்ஜ்" என்பது இன்னொன்று. குக்கரில் ஆவி கசிகிற மாதிரி "ஸ்ஸ்ஸ்" மூன்றாவது. நாப்பைத் திருப்பும்போதோ கேபிளை ஆட்டும்போதோ வருகிற "கரகர" நான்காவது. கரகர என்றால் எங்கோ தொடுப்பு சரியில்லை. ஸ்ஸ்ஸ் என்றால் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குகிற அளவு, அதிகம். முதல் இரண்டும் கரண்ட் வழியாக வருபவை.

நம் ஊர்க் கரண்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள் அதை ஒரே திசையில் ஓடுகிற டிசி ஆக்கும்போது மிச்சமாகிற அலை 100 ஹெர்ட்ஸ். இதைக் காதால் பிடிக்க உங்கள் கையிலேயே கருவி இருக்கிறது. ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அந்த ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஆம்பின் உறுமல் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50. சின்ன ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில் 50 சரியாகக் கேட்காது, அதன் மேல் ஸ்வரங்கள்தான் கேட்கும். அதனால் இதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

3. சரி, சத்தம் எங்கேயிருந்து கிளம்புதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஐந்து நிமிஷ வேலை. ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிட்டார், ஒரு கேபிள், ஆம்ப் என்று மட்டும் வையுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியென்றால் பெடல் பக்கம், 14-ஆம் கேள்விக்குப் போங்கள். போகவில்லையென்றால் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அடங்கினால் சத்தம் கிட்டாருக்குள் அல்லது அறைக்குள் கிளம்புகிறது. அடங்காவிட்டால் கேபிளையே ஆம்பிலிருந்து உருவுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் பின்னை உருவினால் இன்புட் தானாக எர்த்தோடு சேர்ந்து மௌனமாகிவிடும். உருவியதும் அடங்கினால் கேபிளோ கிட்டாரின் ஜாக்கோதான்.

உருவிய பிறகும் இரைகிறது என்றால், ஆம்பின் வால்யூம் நாப்பைத் திருப்பிப் பாருங்கள். நாப்போடு சத்தமும் ஏறி இறங்கினால் கோளாறு ஆம்பின் முன்பகுதியில். நாப் எங்கிருந்தாலும் ஒரே அளவில் இரைந்தால் பவர் சப்ளை பக்கம், அது 19-ஆம் கேள்வி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டு "நின்னுடுச்சு" என்று சொல்பவர்களுக்கு எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வருவார்கள்.

4. கம்பியைத் தொட்டா சத்தம் குறையுது, கையை எடுத்தா வருது. எர்த் கோளாறுதானே?

இந்தக் கேள்வி வாரம் ஒன்றாவது வரும். கோளாறு இல்லை, கிட்டார் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பிகள் உட்கார்ந்திருக்கிற பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் ஜாக்கின் எர்த் பக்கத்துக்குப் போகிறது. அதனால் கம்பிகள் எல்லாமே எர்த்தோடு சேர்ந்தவை. உங்கள் உடம்பு அறையிலுள்ள ஒயர்களிலிருந்து கரண்ட்டின் சாயலைப் பிடிக்கிற ஒரு நல்ல ஆன்டெனா. கிட்டாரை மார்போடு அணைத்து உட்காரும்போது அந்த ஆன்டெனா, கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்குகிற பிக்கப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கம்பியைத் தொட்டதும் நீங்களும் எர்த் ஆகிவிடுகிறீர்கள், சத்தம் அடங்குகிறது.

கையை எடுத்ததும் காது வலிக்கிற அளவுக்குக் கத்தினால் மட்டும் இரண்டைப் பாருங்கள்: உங்கள் பிளக் பாயிண்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா, கிட்டாரின் உட்குழிக்கு ஷீல்டு, அதாவது இரைச்சலைத் தடுக்கிற உலோக உறை, இருக்கிறதா. இரண்டும் கீழே வருகின்றன.

5. எனக்கு நேர் எதிர். தொட்டாதான் சத்தம் அதிகமாகுது!

பின்னில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. நானே செய்த தவறு இது. கச்சேரிக்கு முந்தின நாள் ராத்திரி, அறுந்துபோன கேபிளுக்குப் புதுப் பின் பற்றவைத்தேன். நடு ஒயர் பின்னின் நுனிக்கும், சுற்றிலும் இருக்கிற பின்னல் ஒயர் பின்னின் உடலுக்கும் போக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு முனையில் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். மறுநாள் கம்பியில் விரல் பட்டதும் "பாஆஆ" என்று ஸ்பீக்கர் கத்த, தபலாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிட்டாரின் ஜாக்கிலும் இதே தவறு நடக்கும், முக்கியமாக யாராவது புது ஜாக் போட்டுக் கொடுத்த பிறகு. வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். சரியானால் பழைய கேபிள்தான், ஆகாவிட்டால் கிட்டாரின் ஜாக்.

தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே சத்தம், ஆனால் பின்னின் இரும்பு உடலைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகிற ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

6. மூணு பின்ல எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் போயிடும்னு ஒருத்தர் சொன்னார். செஞ்சு பார்த்தேன், போயிடுச்சு. அப்படியே விட்டுடலாமா?

விடக் கூடாது. இன்றைக்கே திரும்பப் போடுங்கள். சத்தம் ஏன் நின்றது என்றால், எர்த் இரண்டு வழியாக ஓடி ஒரு வளையம் போட்டிருந்தது, நீங்கள் ஒரு வழியை அறுத்துவிட்டீர்கள். ஆனால் அந்த வழி சத்தத்துக்காகப் போட்டதில்லை. ஆம்புக்குள் ஃபேஸ் ஒயர் என்றாவது பெட்டியின் இரும்பைத் தொட்டால், கரண்ட் அந்தப் பின் வழியாகப் பூமிக்குப் போய் ஃபியூஸைத் தூக்க வேண்டும். அந்தப் பின் இல்லையென்றால் பெட்டியில் நிற்கிற 230 வோல்ட் கேபிள் வழியாகக் கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியில் இருப்பது உங்கள் விரல்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸிலுள்ள ஸ்வான்ஸியில் மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். மேடையில் எர்த் சரியாக இல்லாததுதான் காரணம். வளையத்தை அறுக்க வேறு வழி இருக்கிறது, 16-ஆம் பதிலைப் பாருங்கள்.

7. எங்க வீட்டு சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கு. அப்ப எர்த் இருக்குன்னுதானே அர்த்தம்?

ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பழைய வாடகை வீடுகளில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இன்னும் மோசம், சிலர் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து அதில் மாட்டியிருப்பார்கள். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், எர்த் என்று நம்பி மாட்டிய எல்லாப் பொருளின் உடம்பிலும் கரண்ட் வந்துவிடும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், அல்லது வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) இருந்தால் உடனே விழும். மங்கலாக எரிந்தால் எர்த் பலவீனம். தனி வீடென்றால் எர்த் குழியையும் பாருங்கள். கரியும் உப்பும் போட்ட குழி சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்தால் எர்த் சரியாக இறங்காது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதில் ஆம்ப் சத்தம் பாதியாகக் குறைந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

8. பாடிக்கிட்டே வாசிக்கும்போது மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குது.

வாசிப்பதை நிறுத்துங்கள். உங்கள் கை ஆம்பின் எர்த்தில் இருக்கிறது, உதடு, மைக் மாட்டியிருக்கிற மிக்ஸரின் எர்த்தில். இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருப்பதால் உங்கள் வழியாக அது ஓடுகிறது. மைக் செட்காரரிடம் சொல்லி ஆம்பையும் மிக்ஸரையும் எர்த் சரிபார்த்த ஒரே பாயிண்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்ச் போட்டுக்கொள்வது உதட்டுக்கு ஒரு தடுப்பு, கோளாறுக்கு மருந்து இல்லை.

9. ஃபேன் போட்டா இரையுது, நிறுத்தினா நிக்குது. இந்த வெயில்ல ஃபேன் இல்லாம எப்படி வாசிக்கிறது?

ஃபேன் பாவம், அதன் ரெகுலேட்டர்தான் செய்கிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல, கரண்ட்டின் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அந்த வெட்டுதான் ஜ்ஜ்ஜ் என்று பிக்கப்பில் கேட்கிறது. ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். சத்தம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். கெபாசிட்டர் வைத்த, படிப்படியாகத் திரும்புகிற ரெகுலேட்டர் வாங்கி மாட்டினால் ஃபேனும் ஓடும், கிட்டாரும் வாசிக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் சுவிட்சும் இதே ஜாதி. மட்டமான எல்இடி பல்ப், பழைய டியூப்லைட் சோக், சார்ஜர் எல்லாமே தங்கள் பங்கைச் செய்யும்.

எது என்று தேட, கிட்டாரையே டெஸ்டராக வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமை வைத்துவிட்டு, கேபிள் எட்டுகிற வரை அறையில் நடந்து கிட்டாரின் முகத்தை ஒவ்வொரு சுவரின் பக்கமும் காட்டுங்கள். சத்தம் எகிறுகிற இடத்தில் சுவருக்குப் பின்னால் ஒயரோ மீட்டரோ இருக்கும். நண்பர் ஒருவர் வீட்டில் இப்படி நடந்து நடந்து, புத்தக அலமாரிக்குப் பின்னால் எல்லோரும் மறந்துபோன ஒரு ஸ்டெபிலைசரைக் கண்டுபிடித்தோம்.

10. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கன்றாவியா கத்துது. ஆம்புக்கு ஏதாவது ஆகுமா?

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். ஈபி கரண்ட் வளைந்து ஏறி இறங்குகிற அலை. இந்த இன்வெர்ட்டர் கொடுப்பதோ படிக்கட்டு மாதிரி டக்கென்று ஏறி டக்கென்று விழுவது. அந்த மூலைகளில்தான் இரைச்சல் இருக்கிறது. ஃபேனே ஒரு மாதிரி முனகுவதைக் கவனித்திருப்பீர்கள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வழக்கத்தைவிடச் சூடாகும். கரண்ட் வரும்வரை கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிப்பது என் வழி. ரெக்கார்டிங் செய்கிறவர் என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.

11. சிங்கிள் காயில் எடுத்துட்டு ஹம்பக்கர் போட்டா எல்லாம் தீர்ந்துடுமா?

உம்ம்ம் பெரும்பாலும் தீரும். சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய கம்பி. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் அது கம்பியின் அதிர்வு மாதிரியே எடுத்துக்கொள்கிறது. ஹம்பக்கரில் இரண்டு காயில்கள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றி, காந்தமும் எதிர்முனையாக இருக்கும். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடும், வெளியிலிருந்து வருகிற உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1959-இல் கிடைத்தது. "ஹம்மை முறிப்பது" என்பதுதான் பெயரே.

ஆனால் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் அந்தக் கண்ணாடி மாதிரி ஒலிக்காகத்தான் நீங்கள் சிங்கிள் காயில் வாங்கினீர்கள் என்றால், அதைத் தூக்கி எறிவதற்கு முன் ஒன்று பாருங்கள். ஐந்து நிலை சுவிட்சில் இரண்டாவதிலும் நான்காவதிலும் வைத்து வாசியுங்கள். இப்போது வருகிற பல கிட்டார்களில் நடு பிக்கப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும், அந்த இரண்டு நிலைகளிலும் ஹம் அடங்கிவிடும். அப்புறம், கிட்டாரை ஆம்புக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் திரும்பி உட்காருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சத்தம் காணாமல் போகும். மேடையில் நிறையப் பேர் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை.

12. கிட்டாரோட உட்குழியில ஷீல்டுக்கு கிச்சன்ல இருக்கிற அலுமினியம் ஃபாயில் ஒட்டினா போதும்னு வீடியோல பார்த்தேன். உண்மையா?

பாதி உண்மை. ஃபாயில் ஜ்ஜ்ஜ் வகையைத் தடுக்கும், முந்தின பதிலில் சொன்ன காந்த உறுமலை அது தடுக்காது. ஒட்டினால் மட்டும் போதாது, ஃபாயில் முழுவதும் ஒரே துண்டு மாதிரி தொடர்ந்து கரண்ட் கடத்த வேண்டும், எர்த்தோடும் சேர்ந்திருக்க வேண்டும். அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது. ஃபெவிக்கால் தடவி ஒட்டினால் துண்டுக்குத் துண்டு தொடர்பு இருக்காது. பசையும் கரண்ட் கடத்துகிற காப்பர் டேப்பாக வாங்குங்கள், ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும்.

ஒட்டி முடித்து மூடியபின் கிட்டார் ஊமையாகிவிட்டால் பதறாதீர்கள். ஜாக்கின் நுனிப் பட்டை ஃபாயிலைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும்.

13. நல்ல கேபிள்னா எவ்வளவு விலைக்கு வாங்கணும்?

விலையைப் பார்க்காதீர்கள், பின்னின் மூடியைத் திருகித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறக்க முடிந்தால் பிற்பாடு நாமே சால்டர் வைத்துச் சரிசெய்யலாம். வார்த்து மூடிய பிளாஸ்டிக் பின் போனால் போனதுதான். நீளம் மூன்று முதல் ஆறு மீட்டர். அதற்கு மேல் போனால் ஒலியின் பளபளப்பு குறையும்.

சோதிக்க, ஆம்பை ஆன் செய்து கேபிளை இரண்டு பின்களுக்கும் பக்கத்தில் மெதுவாக மடக்குங்கள். கரகர என்றால் உள்ளே பின்னல் அறுந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று: ஸ்பீக்கருக்குப் போகிற கேபிளும் வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். அதில் ஷீல்டு கிடையாது. அதைக் கிட்டாரில் மாட்டினால் ஒரு ஊர் இரைச்சலையும் பிடித்துக்கொண்டு வரும். இரண்டிலும் வேறு வேறு நிற டேப் சுற்றி வையுங்கள்.

14. பெடல் சேர்த்தாதான் சத்தம். தனித்தனியா போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ஐந்து பெடலுக்கும் கரண்ட் கொடுக்கிறீர்கள், சரியா? டிலே, ரிவெர்ப் மாதிரி டிஜிட்டல் பெடல் ஒன்று உள்ளே இருந்தால் அதன் கீச்சொலி பொதுவான ஒயர் வழியாக, ஒலியை முரடாக்குகிற டிஸ்டார்ஷன் பெடலுக்குப் போய் அங்கே பெருகும். கண்டுபிடிக்க, சந்தேகமான பெடலுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். சத்தம் நின்றால் அடாப்டர் பங்கீடுதான் காரணம். ஒவ்வொரு வழியும் தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குவதே நிரந்தரத் தீர்வு. காசு இல்லையென்றால் டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர்.

மில்லியாம்பியரையும் கூட்டிப் பாருங்கள். பழைய வகை பெடல் பத்து இருபதோடு நின்றுகொள்ளும், டிஜிட்டல் பெடல் ஒன்றே நூறு, முந்நூறு என்று கேட்கும். வீட்டில் கிடந்த ஏதோ ரௌட்டர் அடாப்டரை மாட்டாதீர்கள். பெரும்பாலான பெடல்களுக்கு முனையின் நடுப்பகுதி நெகட்டிவ், அந்த அடாப்டர்களில் நேர் எதிர்.

15. டிஸ்டார்ஷன் போட்டா ஸ்ஸ்ஸ்னு மழை பெய்யுது. நாய்ஸ் கேட் வாங்கலாமா?

முதலில் கெயினைக் குறையுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிடித்த கெயின், குழுவோடு வாசிக்கும்போது தேவையானதில் இரண்டு மடங்கு. பத்தில் எட்டில் இருக்கிற நாப்பை ஐந்துக்குக் கொண்டுவந்து வால்யூமைக் கூட்டிப் பாருங்கள்.

நாய்ஸ் கேட் நீங்கள் வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். வாசிக்கும்போது சத்தம் உள்ளேயேதான் இருக்கும். அதிக இறுக்கமாக வைத்தால் நீளமாக ஒலிக்க வேண்டிய ஸ்வரத்தின் வாலையும் வெட்டிவிடும். 3-ஆம் கேள்வியின் தேடலை முடிக்காமல் கேட் வாங்குவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைப்பது மாதிரி.

16. லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணும்போது சார்ஜரை உருவினா சத்தம் நிக்குது. மண்டபத்துலயும் மிக்ஸருக்கு லைன் கொடுத்தா மட்டும் உம்ம்ம்னு வருது. ரெண்டும் ஒண்ணா?

பெரும்பாலும் ஒன்றுதான், எர்த் வளையம். லேப்டாப்பின் சார்ஜர் ஒரு வழியாகவும் ஆம்ப் இன்னொரு வழியாகவும் பூமிக்குப் போகின்றன, நடுவில் ஆடியோ கேபிள் இரண்டையும் சேர்க்கிறது. ஒரு பெரிய வளையம் உருவாகிச் சுற்றிலும் உள்ள 50 ஹெர்ட்ஸைப் பிடிக்கிறது. வீட்டில் எளிய வழி, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது. அதிலும் போகவில்லையென்றால் பேட்டரியில் ஓட்டி ரெக்கார்ட் செய்யுங்கள். மௌஸை அசைக்கும்போது "கீ கீ" என்று மாறுகிற சத்தம் யுஎஸ்பி வழியாக வருவது. யுஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி அதற்கு உதவும்.

மண்டபத்தில் மிக்ஸர் நாற்பது அடி தள்ளி வேறு பாயிண்டில் இருக்கும், சில நாள் வேறு ஜெனரேட்டரில்கூட. அங்கே கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புகிற டிஐ பாக்ஸ் வேண்டும். அதிலிருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது. 6-ஆம் பதிலில் சொன்ன அந்த வேறு வழி இதுதான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ இன்னும் நல்லது. கல்யாண மேடையின் சீரியல் செட் விளக்குகளுக்கு இழுத்த லைனிலேயே ஆம்பை மாட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விளக்கு ஓடும்போது தாளத்தோடு இரையும்.

17. திடீர்னு "டிட் டிடிட் டிடிட்"னு வருது, உடனே போன் அடிக்குது!

போன்தான். பழைய 2ஜி முறையில் போன் விநாடிக்கு 217 முறை விட்டு விட்டுச் சிக்னல் அனுப்பும், அதுதான் காதில் விழுகிறது. இப்போதைய 4ஜி போன்களில் குறைவு. போனை ஆம்பின் தலையில் வைக்காதீர்கள், சட்டைப் பையிலும் வேண்டாம்.

18. சில நோட்டுக்கு மட்டும் ஜிர்ர்ங்குது, மத்ததுக்கு இல்லை.

இது கரண்ட் விவகாரமே இல்லை. ஏதோ ஒரு பொருள் அந்த ஸ்வரத்துக்கு மட்டும் கூடவே அதிர்கிறது. ஹெட்ஃபோன் மாட்டி வாசியுங்கள். ஹெட்ஃபோனில் இல்லையென்றால் ஸ்பீக்கர், பெட்டி, அறை மூன்றில் ஒன்று. ஆம்பின் பின்பலகைத் திருகாணிகள், கைப்பிடி, முன்வலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு அதே ஸ்வரத்தை இன்னொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் காகிதத்தின் ஓரத்தில் கிழிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஏ ஸ்வரத்துக்கு மட்டும் ஒரு ஜிர்ர் மூன்று மாதம் ஆட்டி வைத்தது. ஸ்பீக்கரையே மாற்றத் துணிந்த நேரத்தில் அம்மா பரணிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தை இறக்கினார், சத்தம் போய்விட்டது. ஆம்பே போடாமலும் ஜிர்ர் கேட்டால் கம்பி ஃபிரெட்டில் உரசுகிறது, கிட்டாரை செட்டப் செய்யக் கொடுங்கள்.

19. எல்லாத்தையும் உருவிட்டேன், வால்யூம் பூஜ்யம். அப்பவும் உம்ம்ம். திறந்து பார்க்கலாமா?

இப்போதுதான் உண்மையிலேயே ஆம்ப் கோளாறு. பவர் சப்ளையில் அலையைச் சமன்செய்கிற பெரிய கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கலாம். அவற்றுக்கு எதிரி சூடு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. வெயில் அடிக்கிற ஜன்னலோரம், காற்றோட்டம் இல்லாத மூலை என்று வைத்திருந்தால் சீக்கிரமே போகும். தலை உப்பியிருப்பது, அடியில் பசை மாதிரி கசிந்திருப்பது அடையாளம். சத்தம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும்.

டிரான்ஸிஸ்டர் ஆம்பானாலும் பழக்கம் இல்லையென்றால் திறக்க வேண்டாம். கண்ணாடிக் குழல் மாதிரியான வால்வ்கள் வைத்த ஆம்ப் என்றால் நிச்சயமாக வேண்டாம். உள்ளே 300, 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கை உருவிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். வெளியிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வால்வ்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தால், பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டுங்கள். ஒன்று மட்டும் மணி மாதிரி ஸ்பீக்கரில் ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். பெரும்பாலும் இன்புட்டுக்குப் பக்கத்திலுள்ள முதல் 12ஏஎக்ஸ்7 வகை வால்வாக இருக்கும்.

20. வீட்ல இரையுது. கடைக்குத் தூக்கிட்டுப் போனா சத்தமே இல்லை, என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்க்கறாங்க.

பல் டாக்டரிடம் போனதும் வலி நிற்கிற கதை. அப்படியென்றால் ஆம்ப் நலம், வீடுதான் நோயாளி. 7-ஆவது, 9-ஆவது பதில்களை வீட்டில் வரிசையாகச் செய்யுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது உங்கள் கேபிள், பெடல், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் குற்றவாளி வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான்.

எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மாடியில் குடியிருக்கிற நண்பர் ஒருவருக்குத் தினமும் மாலை ஆறரைக்கு இரைச்சல் தொடங்கியது. எர்த் பார்த்தோம், ரெகுலேட்டர் மாற்றினோம், கிட்டாருக்குக் காப்பர் டேப் ஒட்டினோம். ஒரு நாள் ஆறரைக்குக் கிட்டாரோடு ஜன்னல் பக்கம் போனபோது சத்தம் இரண்டு மடங்கானது. எட்டிப் பார்த்தால், கீழே ஜவுளிக் கடையின் பெயர்ப் பலகை விளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்கு அதை அணைப்பார். நண்பர் இப்போது பத்தேகாலுக்கு ரெக்கார்டிங் தொடங்குகிறார்.